பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியங்களில் தேடுவது எப்படி? கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகவோ, கோயில் வரலாற்றுக்காகவோ, தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றிய ஒரு குறிப்புக்காகவோ பல்கலைக்கழக நூலகத்தின் வாசலுக்கு வருகிறவர்களை எண்ணி இதை எழுதுகிறேன். முதன்முறையாக ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கும் மாணவருக்கும் இது பயன்படும். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வரலாற்றைத் திரட்டும் பணியில் நான் இறங்கியபோது, எந்தப் பொருள் எங்கே எந்த வடிவில் இருக்கிறது, எந்தத் தாளைக் காட்டினால் எந்த அறை திறக்கும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு முகப்பிலும் நின்று நின்று தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. உங்களுக்கு வேண்டியது எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பல்கலைக்கழகம் காத்துவைத்திருப்பது புத்தகங்களை மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு போனால் பாதிக்குமேல் கண்ணில் படாமலே போகும். முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஒரு வகை. ஆய்விதழ்க் கட்டுரைகளும் மாநாட்டுத் தொகுப்புகளும் இன்னொரு வகை. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு இதில் சேரும். பழைய செய்தித்தாள்களின் நுண்படச்சுருள்கள் (மைக்ரோஃபிலிம்), காலனி ஆட்சிக் காலக் கடிதத் தொடர்களின் நுண்படச்சுருள்கள், தனிப்பட்டவர்கள் கொடையாக அளித்த கடிதங்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், நினைவு மலர்கள் ஆகியவை தனித்தனி அறைகளில், தனித்தனி விதிகளின் கீழ் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் எழுதிய சிற்றாய்வேடுகளைத்தான். நூற்பட்டியலில் மலாயில் ‘லாத்திஹான் இல்மியா’ என்றும் ஆங்கிலத்தில் ‘அகாடமிக் எக்சர்சைஸ்’ என்றும் இவை பதிவாகியிருக்கும். தத்தம் ஊருக்கும் தோட்டத்துக்கும் போய், அங்கிருந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிய மாணவர்களின் உழைப்பு அது. ஒரு தோட்டத்தில் எத்தனை லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்தன, திருவிழாவை யார் நடத்தினார்கள், பள்ளிக்கூடம் எந்தக் கொட்டகையில் தொடங்கியது என்பது போன்ற செய்திகள் பெரிய நூல்களில் கிடைப்பதில்லை. அந்தத் தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட நிலையில், சில இடங்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துப் பதிவு இத்தகைய தட்டச்சுப் பிரதியாகவே இருக்கக்கூடும். ஆகவே உள்ளூர் வரலாறு தேடுவோர் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன்னதாகவே இவற்றைத் தேடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதை முடித்துவிட்டுப் புறப்படுங்கள்

மலாயாப் பல்கலைக்கழகம் மாணவர் ஆய்வேடுகளுக்கென்று ஓர் இணையக் களஞ்சியத்தையும், ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கென்று இன்னொன்றையும் தனித்தனியே நடத்துகிறது. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கலாம் என்பதால் இரண்டிலும் தேடுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் இதுபோன்ற களஞ்சியம் உண்டு. நாட்டின் பல பல்கலைக்கழகங்களுடைய ஆய்வேடுகளின் விவரங்களை ஒரே இடத்தில் தேட ‘மைட்டோ’ என்னும் கூட்டுப் பட்டியல் உதவும். இந்திய ஆய்வியல் துறை வெளியிடும் ‘தமிழ்ப் பேராய்வு’ ஆய்விதழை மலாயாப் பல்கலைக்கழகத்தின் மின்னிதழ்த் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

நாட்டுக்கு வெளியேயும் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்திலும், பழைய தமிழ் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் வெளியீடுகள் ‘நூலகம்’ தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. மலாயாச் செய்திகள் அதில் ஏராளம். அவற்றுள் சில இதழ்களை அந்நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்கமுடியும் என்பதால், திறக்காத இதழ்களின் தேதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும்போது பாருங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. தலைப்பும் சுருக்கமும் திரையில் தெரிந்தாலும், கோப்பைச் சொடுக்கினால் பூட்டப்பட்டிருக்கும். ஆய்வாளரே சில காலத்துக்கு வெளியிடவேண்டாம் என்று கேட்டிருக்கலாம். பழைய ஆய்வேடாக இருந்தால் இன்னும் ஸ்கேன் செய்யப்படாமல் இருக்கலாம். பல களஞ்சியங்களில் ‘நகல் கேட்க’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, நீங்கள் யார், எதற்காக வேண்டும், எந்த இயல் வேண்டும் என்று நான்கு வரியில் எழுதுங்கள். ஆய்வேடு முழுவதையும் கேட்பதைவிட ஓர் இயலைக் கேட்பவருக்கு இசைவு எளிதில் கிடைக்கிறது. பதில் வராவிட்டால் அச்சுப் பிரதி அலமாரியில் இருக்கிறதா என்று நூலகத்தின் பொதுப் பட்டியலில் பார்த்து, அதன் அழைப்பெண்ணை (அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1962-இல்தான் கோலாலம்பூரில் உள்ளதும் சிங்கப்பூரில் உள்ளதும் இரண்டு பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய மாணவர் ஆய்வேடு இங்கே அகப்படாவிட்டால், அது இல்லை என்று முடிவுகட்டிவிடாமல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலையும் பாருங்கள்.

3. தேடுசொல்லைப் பட்டியலின் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுங்கள்

தேடுகிறவர்கள் பெரும்பாலும் கைவிடும் இடம் இதுதான். பட்டியலில் தமிழெழுத்தில் தட்டிப் பார்த்து, ஒன்றும் வராததால் தமிழில் எதுவும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பல நூலகங்களின் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், நூலகத் துறைக்கென வகுத்த ஒரு முறைப்படி பதிவாகியுள்ளன. அந்த முறை நாம் கைப்பேசியில் தங்கிலீஷில் தட்டுவதைப் போன்றதன்று. அதில் ‘ச’ எப்போதும் ஆங்கிலத்தின் ‘சி’ எழுத்து, ‘எஸ்’ வராது. ‘த’வுக்கு ‘டி’ (t) எழுத்து மட்டும். அதன் பின் ‘எச்’ சேர்ப்பதில்லை. ‘க’வுக்கு எங்கும் ‘கே’தான், ‘ஜி’ கிடையாது. ‘ழ’வுக்குக் கீழ்க்கோடிட்ட ‘எல்’ வரும், ‘இசட்’ வராது. ஆகவே மலேசியா என்ற சொல்லை எம்-ஏ-எல்-இ-சி-ஐ-ஒய்-ஏ என்று தட்டவேண்டும். சங்க இலக்கியத்தைத் தேடும்போது முதற்சொல் சி-ஏ-என்-கே-ஏ. நெடில் கோடுகளையும் புள்ளிகளையும் தட்டத் தேவையில்லை. பெரும்பாலான தேடுபொறிகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்தே செய்யவேண்டும். நம் மொழியில் சொற்கள் சேரும்போது ஒற்று மிகும். ‘மலேசியத் தமிழர்’ என்பதில் முதற்சொல்லின் இறுதியில் ஒரு ‘டி’ (t) ஒட்டிக்கொள்ளும். எனவே சொல்லை முழுதாகத் தட்டாமல், தண்டுப் பகுதியைத் தட்டி நட்சத்திரக் குறி இடுங்கள். ஒற்று மிகுந்த வடிவங்களும் மிகாத வடிவங்களும் ஒருசேர வந்துவிடும்.

ஊர்ப்பெயர்கள் அடுத்த தடை. நாம் பத்துமலை என்போம். பட்டியலில் அது ‘பத்து கேவ்ஸ்’. பினாங்குத் தண்ணீர்மலையை ‘வாட்டர்ஃபால்’ என்று தேடவேண்டும். இன்றைய தெலுக் இந்தான் 1982 வரைக்கும் தெலுக் ஆன்சன்; போர்ட் கிள்ளான் முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம்; செபராங் பிறை என்பது பழைய ஏடுகளில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. தோட்டங்கள் கைமாறியபோது பெயரும் மாறியிருப்பதால், நீங்கள் தேடும் தோட்டத்தின் எல்லாப் பெயர்களையும், பழைய மலாய் எழுத்துக்கூட்டல் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் தேடலைத் தொடங்கவேண்டும். ஜப்பானியர் காலத்து ஆவணங்களில் ஆண்டு 2602 முதல் 2605 வரை என்று காணப்படும். அவை 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள். சிங்கப்பூரின் பெயர் அவற்றில் ஷோனான்.

ஆசிரியர் பெயரைத் தேடும்போது அவரது சொந்தப் பெயரை முதலில் இடுங்கள். தந்தை பெயரும் இடையில் வரும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) குறிகளும் ஒவ்வொரு பட்டியலில் ஒவ்வொரு வரிசையில் பதிவாகியுள்ளன.

4. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

வெளியாராக நுழையும் எவரும் மைகாட் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுசெல்லவேண்டும். வெளிநாட்டவர் கடப்பிதழைக் கொண்டுசெல்லவேண்டும். மாணவராயின் மாணவர் அட்டையோடு மேற்பார்வையாளரின் கடிதமும் தேவை. மாணவரல்லாதவர்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்தோ, கோயில் நிர்வாகத்திடமிருந்தோ, சங்கத்திடமிருந்தோ ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். பொது அலமாரிகளைப் பார்க்க அது தேவைப்படாமல் போகலாம். ஆய்வேடுகள், அரிய நூல்கள், நுண்படங்கள் இருக்கும் அறைகளில் அதுவே உங்களுக்காகப் பேசும்.

அந்தக் கடிதம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் கவனம் வேண்டும். மலாயில் எழுதி, அமைப்பின் முகவரித்தாளில் அச்சிட்டு, முத்திரையும் தேதியும் இடப்பட்டிருக்கவேண்டும். ‘ஆய்வுக்காக’ என்று பொதுவாக முடித்துவிடாமல், ஆய்வின் தலைப்பு, பார்க்க விரும்பும் பொருள்களின் தலைப்பும் அழைப்பெண்ணும், வர எண்ணும் நாள்கள், எடுக்கவிரும்பும் நகலின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். இரண்டு அசல் பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நூலகம் வைத்துக்கொள்ளும்.

நீங்கள் ஏற்கனவே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்தால், வேறு பல்கலைக்கழகத்தின் நூலை உங்கள் நூலகத்தின் வழியாகவே இரவல் கேட்கலாம். ஆய்வேடுகள் பொதுவாக இரவலுக்கு வருவதில்லை.

5. செலவைக் கணக்கிடுங்கள்

இணையக் களஞ்சியங்களுக்குச் செலவில்லை. நேரில் போகும்போது நான்கு இடங்களில் பணம் போகும்: வெளியாருக்கான நுழைவு, நகல், நுண்படத்திலிருந்து அச்சோ மின்கோப்போ எடுப்பது, போக்குவரத்து. நுழைவுக்குச் சில நூலகங்கள் நாளுக்கு வாங்குகின்றன, சில உறுப்பியமாக வாங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலைக்கு ஆண்டு உறுப்பியம் வாங்கிவிடாதீர்கள். பட்டியல் வேலையை வீட்டிலேயே முடித்தவருக்கு நாள் சீட்டே போதும். கட்டண விவரத்தை முன்னதாக மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். பல முகப்புகளில் அட்டை அல்லது இணையவழிக் கட்டணம் மட்டுமே ஏற்கப்படுகிறது என்பதால், எப்படிச் செலுத்துவது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

பணம் வீணாவது பெரும்பாலும் நுண்படத்தில்தான். தேதி தெரியாமல் ஒரு சுருள் முழுவதையும் மின்வடிவில் கேட்டால் பெருந்தொகையாகும். முதலில் நுண்படத்தைத் திரையில் காட்டும் படிப்பானில் ஓட்டிப் பார்த்து, தேவையான பக்கங்களின் தேதியையும் பக்க எண்ணையும் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் நகல் கேளுங்கள்.

6. நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அரசாங்க அலுவலகங்களைப் போலவே நண்பகல் 12.15 முதல் 2.45 வரை முகப்புகள் ஓய்ந்திருக்கும் என்று கொள்ளுங்கள். தேர்வு வாரங்களில் இருக்கை கிடைப்பது அரிது, வெளியாருக்கு அனுமதியும் குறையும். செமஸ்டர் விடுமுறையில் இருக்கை கிடைக்கும், ஆனால் திறக்கும் நேரம் சுருங்கும். நோன்பு மாதத்தில் நேரம் மாறும். மூடிய அலமாரியிலிருந்து எடுத்துத் தரவேண்டிய பொருளைக் காலையிலேயே கேட்டுவிடவேண்டும். பிற்பகலில் கேட்டால் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

மின்னஞ்சலுக்கும் பதிலுக்கும் இடையே ஓரிரு வாரம் ஒதுக்குங்கள். நகல் அனுமதிக்கு அதற்கும் மேலாகலாம். மலர் அச்சுக்குப் போகும் மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது; குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு எல்.ஆர்.டி. கிளானா ஜெயா தடத்தில் ‘யூனிவர்சிட்டி’ நிலையத்தில் இறங்கவேண்டும். நிலையம் வளாகத்துக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோதான் நூலகத்துக்குப் போகமுடியும்.

7. நூலகத்துக்குள்

பையை வெளியே வைக்கச் சொல்வார்கள். பென்சில், வெள்ளைத்தாள், மடிக்கணினி, சார்ஜர், மெல்லிய குளிராடை ஆகியவை போதும். படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். நூலுக்குக் கிடைத்த அனுமதி ஆய்வேட்டுக்கும் செல்லும் என்று எண்ணவேண்டாம். முதலில் அழைப்பெண்ணையும் தலைப்புப் பக்கத்தையும் படமெடுத்துவிட்டு உள்பக்கங்களுக்குப் போனால், வீட்டுக்கு வந்தபின் எந்தப் பக்கம் எதிலிருந்து வந்தது என்று தவிக்கவேண்டியதில்லை.

1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களை நுண்படத்தில் பார்க்கும்போது, நிகழ்ச்சி நடந்த நாளோடு நின்றுவிடாமல் அடுத்த பத்து நாள் இதழ்களையும் ஓட்டிப் பாருங்கள். தோட்டச் செய்திகள் நிருபர் கடிதமாகத் தபாலில் வந்து தாமதமாக வெளியாகியிருக்கும். நீரிணைக் குடியேற்றங்களைப் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் உள்ளிட்டவை) பற்றிய லண்டன் கடிதத் தொடரான ‘சி.ஓ. 273’-இல் இறங்குவோர் ஆண்டும் கோப்பெண்ணும் இல்லாமல் இறங்கவேண்டாம். ஏற்கனவே யாரேனும் எழுதிய ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் அந்த எண்கள் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு போவதே குறுகிய வழி.

தமிழ்ப் பொருள்களுக்குப் பொறுப்பான நூலகர் யார் என்று முகப்பில் கேளுங்கள். பட்டியலில் இன்னும் ஏறாத பெட்டிகளைப் பற்றி அவரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

8. கோப்பு திறந்தும் தேடமுடியாவிட்டால்

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் ஆய்வேடுகள் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில், பழைய எழுத்துரு முறைகளில் தட்டப்பட்டவை. பிடிஎஃப் கோப்பில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், அதற்குள் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளாக வரும். அப்படி வரும் பகுதியைப் ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டுப் பாருங்கள். வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால் கூகள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் தமிழெழுத்துகளை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். எண்களில் பிழை அதிகம் வருகிறது.

9. எடுத்ததைப் பயன்படுத்தும்போது

அச்சாகாத ஆய்வேட்டின் பதிப்புரிமையையும் மதிக்கவேண்டும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வுக்கும் தனிப்பட்ட படிப்புக்கும் நியாயமான அளவு பயன்படுத்த இடமளிக்கிறது; எழுத்துப் படைப்புகளுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டும் உரிமை நிலைக்கிறது. ஆகவே மேற்கோளுக்குப் பெயர், ஆண்டு, பல்கலைக்கழகம், பக்க எண் ஆகியவற்றைக் கொடுங்கள். ஓர் இயலை அப்படியே மலரில் வெளியிட எண்ணினால் ஆசிரியரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எழுத்தில் இசைவு பெறுங்கள்.

சிற்றாய்வேடுகளில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. தோட்டத்தில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், கடன், குடும்பச் சண்டை எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். செய்தியை எடுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

10. பினாங்குக்கும் பிற காப்பகங்களுக்கும்

வடமாநிலங்களைப் பற்றிய தேடலுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகத்தை விட்டுவிடக்கூடாது. கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். இரயிலில் பட்டர்வொர்த்துக்குப் போய், படகில் ஜார்ஜ் டவுனை அடைந்து, பேருந்தில் மிண்டன் வளாகத்துக்குப் போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணினால் அறையில் உட்காரும் நேரம் மிகக் குறைந்துவிடும் என்பதால் ஓரிரவு தங்குங்கள்.

அரசாங்கக் கோப்புகள், பள்ளிப் பதிவுகள் போன்றவை பல்கலைக்கழகங்களில் இல்லாதபோது, ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவுக்குப் போகவேண்டும். அந்தச் சாலையைப் பலர் இன்னும் ஜாலான் டூத்தா என்றே சொல்வார்கள். அச்சான நூல்களுக்கும் மலர்களுக்கும் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம், எம்.ஆர்.டி. கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம் அருகில் இருக்கிறது.

உங்கள் மலரோ நூலோ அச்சாகி வந்ததும், 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும். அச்சகத்தாருக்கு எண்ணிக்கை சொல்லும்போதே அந்த ஐந்தையும், நீங்கள் பயன்படுத்திய பல்கலைக்கழக நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நூலகத்துக்குத் தரும் பிரதியோடு, ஊர்ப்பெயரின் பழைய வடிவங்களும் பள்ளியின் முந்தைய பெயர்களும் அடங்கிய ஒருபக்கக் குறிப்பை இணைத்துக் கொடுத்தால், பட்டியலில் ஏற்றும் நூலகர் அவற்றையும் தேடுசொற்களாகச் சேர்த்துக்கொள்ள முடியும்.